இரண்டாவது பதிவு வரும்வரை

1996-ல் லண்டனிலிருந்து வெளிவரும் கிராமஃபோன் பத்திரிகை அந்த வருடத்தின் தலைசிறந்த இசைத்தட்டைத் தேர்ந்தெடுத்தபோது, பரிசு பீத்தோவனுக்கும் போகவில்லை, மோட்சார்ட்டுக்கும் போகவில்லை. ஷார்வென்கா என்பவர் 1908-ல் எழுதிய நான்காவது பியானோ கன்செர்ட்டோவுக்கும் (தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் இசைதான் கன்செர்ட்டோ), எமில் ஃபான் சவர் எழுதிய முதல் பியானோ கன்செர்ட்டோவுக்கும் போனது. இரண்டும் ஒரே தட்டில் இருந்தன. பியானோ வாசித்தவர் ஸ்டீவன் ஹஃப். உடன் வாசித்தது பர்மிங்காம் நகர சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, அதை நடத்தியவர் லாரன்ஸ் ஃபாஸ்டர். மேற்கத்திய செவ்வியல் இசையைத் தொடர்ந்து கேட்டுவந்தவர்களிலேயே பலருக்கு ஷார்வென்கா என்ற பெயர் புதிது.

1923-லிருந்து வந்துகொண்டிருக்கும் பத்திரிகை அது. அங்கே ஒரு தட்டைப் பாராட்டி நாலு வரி வந்தால் கடைக்காரர்கள் அதைக் கண்ணில் படும் இடத்தில் வைப்பார்கள். ஆண்டின் சிறந்த தட்டு என்றால் கேட்கவே வேண்டாம். அந்தத் தட்டு விற்றது, பேசப்பட்டது. அப்புறம் என்ன ஆயிற்று? ஷார்வென்காவின் நான்காவது கன்செர்ட்டோவுக்கு வேறு பதிவுகள் ஒன்றிரண்டு வந்தன. கச்சேரி மேடைக்கு மட்டும் அது இன்னும் விருந்தாளி மாதிரிதான் எப்போதாவது வந்துபோகிறது. இதே வகைப் பாராட்டு வேறு சில இசையமைப்பாளர்களுக்குக் கிடைத்தபோது அவர்கள் வாழ்வே மாறியது, இறந்து எத்தனையோ வருடங்கள் ஆன பிறகும்கூட. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு நெடுநாளாக உள்ள கேள்வி. என் பதில் இதுதான்: முதல் பதிவைப் புகழ்கிற விமர்சகர், பாட்டையும் பாடியவரையும் பிரித்துப் பார்க்க முடியாத இடத்தில் நிற்கிறார். அவர் சொன்னது சரிதானா என்பது இன்னொருவர் அதே இசையைக் கையில் எடுக்கும்போதுதான் தெரிகிறது.

நமக்குப் பழகிய உதாரணத்திலிருந்தே பார்க்கலாம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு கிருதியை ஒரு வித்வான் பாடினால், இதுவரை கேட்ட இருபது பேரின் பாட்டும் காதில் இருக்கும். எங்கே இழுத்தார், எங்கே ஒரு சங்கதியை விட்டுவிட்டார் என்று சொல்லிவிடலாம். அதுவே யாரும் பாடாத ஓர் அபூர்வ கிருதி என்றால்? நன்றாக இருந்தது என்று மனம் சொல்லும். நன்றாக இருந்தது சாகித்யமா, ராகமா, அன்றைக்குப் பாடியவரின் குரலா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அதனால்தான் நம் ரசிகர்கள் உடனே ‘யார் பாடாந்தரம்?’ என்று கேட்கிறார்கள். கை மாறி வந்த வழி தெரிந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்த மாதிரி. மேற்கத்திய இசையில் அந்தக் கயிறு எழுதிவைத்த இசைக்குறிப்பு. மறக்கப்பட்ட இசையில் பெரும்பாலும் அதுவும் விமர்சகர் கையில் இருக்காது. பழைய பதிப்பகம் மூடியிருக்கும், பிரதி ஏதோ ஒரு நூலக அடுக்கில் இருக்கும். அவருக்குக் கிடைப்பது தட்டோடு வரும் சிறு புத்தகம் ஒன்றுதான். அதில் உள்ள வரலாறு விமர்சனத்தில் வேறு வார்த்தைகளில் திரும்ப வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இது விமர்சகர்களின் சோம்பேறித்தனம் இல்லை. படிக்க வேறு எதுவும் இல்லை என்பதுதான் காரணம்.

அறியப்படாத இசையைப் பதிவு செய்து, பாராட்டை மட்டுமே நம்பி வளர்ந்த நிறுவனம் என்றால் ஹைப்பீரியனைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1980-ல் டெட் பெரி லண்டனில் தொடங்கியது. ஆரம்ப நாட்களில் நிறுவனத்தை ஓட்டுவதற்காக அவர் வாடகைக் கார் ஓட்டினார். முதல் தட்டே ஃபின்சி, ஸ்டான்ஃபர்ட் என்ற இரு இசையமைப்பாளர்களின் கிளாரினெட் கன்செர்ட்டோக்கள். வாசித்தவர் தியா கிங். பெரிய நிறுவனங்கள் பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் திரும்பத் திரும்பப் பதிவு செய்துகொண்டிருந்த காலத்தில், கையில் காசில்லாத ஒருவர் கிளாரினெட்டில் தொடங்கினார் என்றால் அவருடைய துணிச்சலை நினைத்துப் பாருங்கள்.

அவரைக் காப்பாற்றியவர் 12-ஆம் நூற்றாண்டுக் கன்னியாஸ்திரி ஒருவர். ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில், பிங்கன் அருகே மடம் நடத்திய ஹில்டகார்ட் 1098-ல் பிறந்து 1179-ல் இறந்தார். தான் கண்ட தரிசனங்களை எழுதினார், மருத்துவம் எழுதினார், எழுபதுக்கும் மேற்பட்ட பாடல்களை வார்த்தையும் மெட்டுமாக எழுதிவைத்தார். அறிஞர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பாடல்கள் அவ்வளவாகத் தெரியாது. 1981-ல் கிறிஸ்டபர் பேஜ் என்ற இளம் ஆய்வாளர் தன் கோதிக் வாய்ஸஸ் குழுவோடு அவற்றில் எட்டைப் பதிவு செய்தார். எம்மா கர்க்பியின் சோப்ரானோ குரலும், அதாவது உச்ச ஸ்தாயிப் பெண் குரலும், அதில் இருந்தது. அடுத்த ஆண்டு ‘கடவுளின் மூச்சில் ஓர் இறகு’ என்ற பொருள்படும் தலைப்பில் வெளிவந்தது. கிராமஃபோன் விருது கிடைத்தது. லட்சக்கணக்கில் விற்றது. அதிலிருந்து ஒரு குரலை எடுத்து ஆர்பிட்டல் என்ற எலெக்ட்ரானிக் இசைக் குழு தன் நடனப் பாட்டில் சேர்த்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. ஹைப்பீரியன் அதற்குப் பிறகு செய்த எத்தனையோ விற்காத தட்டுகளுக்கு இந்த ஒரு தட்டுதான் படியளந்தது.

நம் காதுக்கு அந்தத் தட்டு இன்னும் நெருக்கம். முதல் பாட்டில் ஒரு புறா ஜன்னல் கிராதி வழியே எட்டிப் பார்க்கிறது. லத்தீன் வார்த்தைகள் அவ்வளவுதான் சொல்கின்றன. மெட்டு நிதானமாக நகர்ந்துகொண்டே வந்து, திடீரென்று ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவுகிற மாதிரி ஒரு தாவு தாவி மேலே போய் நிற்கிறது. அங்கிருந்து சுலபத்தில் இறங்குவதில்லை. இத்தனைக்கும் கீழே சுருதிப்பெட்டி மாதிரி ஒரே ஸ்வரம் விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஸ்வரம் இருப்பதால்தான் தாவலின் உயரம் தெரிகிறது. கண்ணை மூடிக் கேட்டால் நம் ஊர் கோயில் மண்டபத்தில் காலையில் யாரோ தனியாகப் பாடுகிற உணர்வு எனக்கு வரும்.

சரி, அந்தச் சுருதி யார் எழுதியது? ஹில்டகார்ட் எழுதவில்லை. அவர் கைப்பிரதிகளில் இருப்பவை வார்த்தையும் ஒற்றை மெட்டும் மட்டுமே. தாளம்கூடக் குறிக்கப்படவில்லை. எந்த வாத்தியம் என்ற பேச்சே இல்லை. அடியில் ஓடும் அந்த ஸ்வரம் பதிவு செய்தவர்களின் முடிவு. ஆனால் தட்டைக் கேட்ட உலகத்துக்கு அதுவே ஹில்டகார்ட் ஆகிவிட்டது. அந்தப் பரவசத்தை, அந்த அசையாத அமைதியைப் புகழ்ந்த எழுத்தெல்லாம் பாதி ஹில்டகார்டையும் பாதி பேஜையும் புகழ்ந்தது. எந்தப் பாதி யாருடையது என்று சொல்ல அப்போது வழியில்லை. அப்போது ஜெர்மனியின் கொலோன் நகரை மையமாகக் கொண்டிருந்த செக்வென்ஷியா குழு அவர் பாடல்கள் முழுவதையும் பல ஆண்டுகள் உழைத்துப் பதிவு செய்த பிறகு, அதே கன்னியாஸ்திரியிடம் ஆவேசமும் பேச்சின் வேகமும் இருப்பது காதில் விழுந்தது. ஒன்றைக் கேட்டவர்கள் மற்றதையும் கேட்டபோது நடுவில் இருந்த ஹில்டகார்ட் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தார். விமர்சனமும் அப்போதுதான் விமர்சனம் ஆயிற்று.

1991-ல் ஹைப்பீரியன் தொடங்கிய வரிசை வேறு விதம். 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுதப்பட்டு மறக்கப்பட்ட பியானோ கன்செர்ட்டோக்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துப் பதிவு செய்வது என்று முடிவு செய்தார்கள். முதல் தட்டில் மோஷ்கோவ்ஸ்கி, பாடெரெவ்ஸ்கி இருவரின் கன்செர்ட்டோக்கள். (இந்தப் பாடெரெவ்ஸ்கிதான் 1919-ல் போலந்தின் பிரதமராக இருந்தவர்.) பியானோவில் பியர்ஸ் லேன், உடன் பிபிசி ஸ்காட்டிஷ் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. வரிசை எண்பது தட்டுகளைத் தாண்டிப் போயிற்று. ஹஃப் வாசித்த ஷார்வென்கா தட்டும் இதில் ஒன்று.

இப்படி ஒரு தட்டு தயாராகும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாராட்டின் எடையும் புரியும். அந்தக் கன்செர்ட்டோ எந்தப் பியானோ கலைஞர் கையிலும் ஏற்கனவே இருக்காது. முப்பது நாற்பது நிமிட இசையை, அதுவும் விரல் ஒடியும்படி எழுதிய இசையை, பதிவுக்காக மட்டுமே அவர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். திரும்ப எங்கும் வாசிக்கக் கூப்பிடுவார்கள் என்ற நிச்சயம் கிடையாது. ஆர்கெஸ்ட்ராவுக்கு வாத்தியம் வாத்தியமாகத் தனித்தனிப் பிரதி வேண்டும். பழைய பிரதிகளில் பிழை மலிந்திருக்கும். ஹார்ன் வாசிப்பவர் ஒரு ஸ்வரம் வாசிக்க, செல்லோ அதோடு மோத, இது இசையமைப்பாளர் வேண்டுமென்றே செய்ததா, அச்சுக்கோத்தவர் தூங்கிவிட்டாரா என்று அங்கேயே நின்று தீர்மானிக்க வேண்டும். மணிக்கணக்குப் பார்க்கும் பதிவுக் கூடத்தில் இதெல்லாம் நடக்கிறது. வானொலி நிலையத்தின் சம்பளத்தில் இருக்கும் ஆர்கெஸ்ட்ரா கூட நின்றால்தான் இது கட்டுப்படியாகும். பிபிசி ஆர்கெஸ்ட்ராக்கள் இந்த வரிசையில் அடிக்கடி வருவதில் ஆச்சரியம் இல்லை.

இவ்வளவு சிரமத்தையும் தெரிந்து வைத்திருக்கும் விமர்சகருக்கு இயல்பாகவே ஒரு நன்றி உணர்ச்சி வந்துவிடும். ‘இத்தனை நாள் இது எங்கே இருந்தது?’ என்று எழுதிவிடுவார். நானும் முதல் தடவை கேட்டவுடன் பல தட்டுகளைப் பற்றி நண்பர்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது தடவை கேட்கும்போது சில தட்டுகளில் அந்த வியப்பு குறைந்துவிடுகிறது. நல்ல தொடக்கம், பெரிய ஆர்ப்பாட்டம், ஆனால் நடுவில் சொல்வதற்கு விஷயம் இல்லாத இசையும் அந்தக் காலத்தில் நிறையவே எழுதப்பட்டது. அதைச் சொல்லும் விமர்சகரைத்தான் நான் நம்புவேன். எதைக் கொடுத்தாலும் அநியாயமாக மறக்கப்பட்ட மாணிக்கம் என்று எழுதுபவர் கடைசியில் உண்மையான மாணிக்கத்துக்குத்தான் தீங்கு செய்கிறார். வாசகர் ஒரு தடவை ஏமாந்தால் அடுத்த முறை தட்டை வாங்க மாட்டார். ஷார்வென்கா விஷயத்தில் என் கருத்து, நடுவர்கள் தவறவில்லை என்பதே. துள்ளலும் கம்பீரமும் உள்ள இசை அது. ஆனால் ஹஃபின் விரல்களுக்கு அதில் எவ்வளவு பங்கு என்ற கேள்வி எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. கச்சேரிகளில் நாலு பேர் நாலு விதமாக வாசித்துக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

பாராட்டு வரிகளில் அநேகமாக இடம்பெறாத ஒருவர் இருக்கிறார். இசைக்குறிப்பைச் செப்பனிட்டவர். அவருக்காக இங்கிலாந்தில் ஒரு வழக்கே நடந்தது. பிரான்சின் 14-ஆம் லூயி அரசவையில் இருந்த இசையமைப்பாளர் மிஷெல்-ரிஷார் த லலாந்த் 1726-ல் இறந்தார். அவருடைய தேவாலய இசையை வாசிக்கத்தக்க வடிவில் பதிப்பித்தவர் லயனல் சாக்கின்ஸ் என்ற அறிஞர். பழைய பிரதிகளை ஒப்பிட்டுப் பிழை திருத்தினார், பேஸ் எனும் கீழ்க்குரல் வரியோடு வரவேண்டிய எண்குறிப்புகளை நிரப்பினார், தொலைந்துபோயிருந்த வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) பகுதிகளை அந்தக் கால முறைப்படி புதிதாக எழுதிச் சேர்த்தார். ஹைப்பீரியன் அந்தப் பதிப்பிலிருந்து பதிவு செய்தது. தட்டின் உறையில் வாசிப்புப் பிரதிகளைத் தயாரித்துத் தந்ததற்காக அவருக்கு நன்றி என்று மட்டும் போட்டிருந்தது. தன் பதிப்புக்குக் காப்புரிமை உண்டு என்றார் அவர். இசை லலாந்துடையது, அதை அப்படியே மீட்டவருக்கு எப்படி ஆசிரியர் உரிமை வரும் என்று கேட்டது நிறுவனம். 2004-ல் உயர் நீதிமன்றமும் 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சாக்கின்ஸ் பக்கம் தீர்ப்பளித்தன. வழக்குச் செலவு சிறிய நிறுவனத்தை ஆட்டிவிட்டது. புதிய பதிவுகளைக் குறைக்க வேண்டியதாயிற்று. டெட் பெரி 2003-லேயே இறந்துவிட்டார். அவர் மகன் சைமன் பெரிதான் இதைத் தாங்கினார்.

இந்த வழக்கில் எனக்கு இரண்டு பக்கத்தின் மேலும் அனுதாபம் உண்டு. நிறுவனத்துக்கு அந்தத் தட்டில் பெரிய லாபம் எதுவும் வந்திருக்காது. ஆனால் கேட்பவர்கள் லலாந்த் என்று நினைத்துக் கேட்ட வயோலா வரி உண்மையில் சாக்கின்ஸ் எழுதியது. உள்குரல்கள் அழகாக நகர்கின்றன என்று ஒரு விமர்சகர் புகழ்ந்தால் அவர் யாரைப் புகழ்கிறார்? தெரியாத இசையின் முதல் பதிவில் இப்படி மூன்று நான்கு பேருடைய கை ஒன்றாகக் கலந்திருக்கிறது.

ஒரே இசைக்கு முந்தைய பதிவுகள் இருந்தும் காலம் கனியாமல் கிடந்த கதையும் உண்டு. போலந்தின் குரெட்ஸ்கி 1976-ல் எழுதிய மூன்றாவது சிம்பொனி அப்படிப்பட்டது. அதன் இரண்டாம் பகுதியின் வார்த்தைகள், ஜகோபானே ஊரில் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் சிறைச் சுவரில் 18 வயதுப் பெண் ஒருத்தி தன் அம்மாவை அழாதே என்று கேட்டு எழுதியவை. 1977-ல் பிரான்சில் முதல் முறை வாசித்தபோது விமர்சகர்கள் அதைப் புறங்கையால் தள்ளினார்கள். சில பதிவுகளும் வந்து போயின. 1992-ல் டான் அப்ஷா பாட, டேவிட் ஜின்மன் நடத்திய தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதே ஆண்டு பிரிட்டனில் தொடங்கிய கிளாசிக் எஃப்எம் வானொலி அதைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது பெரிய காரணம். விமர்சகர்களைவிட வானொலி முந்திக்கொண்டது.

விமர்சகர்களின் உழைப்பும் சிறிய நிறுவனங்களின் பிடிவாதமும் சேர்ந்து பலன் தந்த இடம் மீச்சிஸ்லாவ் வைன்பெர்க் என்ற இசையமைப்பாளரின் கதை. 1919-ல் வார்சாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1939-ல் ஜெர்மன் படை வந்தபோது தனியாகக் கிழக்கே தப்பி ஓடினார். அப்பா, அம்மா, தங்கை மூவரும் கொல்லப்பட்டார்கள். சோவியத் நாட்டில் அவர் மாமனாரான புகழ்பெற்ற நாடக நடிகர் சாலமன் மிகோயெல்ஸை 1948-ல் ஸ்டாலின் ஆட்சி கொன்றது. 1953-ல் வைன்பெர்க்கையும் கைது செய்தார்கள். அவரை விடுவிக்கச் சொல்லி புகழ்பெற்ற சோவியத் இசையமைப்பாளர் ஷஸ்தகோவிச் கடிதம் எழுதினார். சில வாரங்களில் ஸ்டாலின் இறந்ததால் உயிர் தப்பினார். இருபதுக்கும் மேல் சிம்பொனிகள், நான்கு தந்தி வாத்தியங்களுக்கான 17 ஸ்ட்ரிங் குவார்ட்டெட்கள் எழுதிவிட்டு 1996-ல் மாஸ்கோவில் இறந்தபோது வெளியுலகில் அவரைத் தெரிந்தவர்கள் சொற்பம்.

அவர் 1991-ல் முடித்த 21-ஆம் சிம்பொனிக்கு ‘கதிஷ்’ என்று பெயர். இறந்தவர்களுக்காக யூதர்கள் சொல்லும் பிரார்த்தனையின் பெயர் அது. நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் மாண்டவர்களுக்குச் சமர்ப்பணம். ஒரே மூச்சில் சுமார் 55 நிமிடம் ஓடும். பெரிய ஆர்கெஸ்ட்ரா இருந்தும் பெரும்பாலும் இரண்டு மூன்று வாத்தியங்கள்தான் பேசுகின்றன. ஓரிடத்தில் பியானோவில் போலந்தின் பெருமைக்குரிய இசையமைப்பாளர் ஷோபானின் ஒரு மெட்டு தூரத்து ஜன்னலிலிருந்து வருவதுபோல் கேட்கிறது. வார்சாவில் வளர்ந்த பையனுக்கு ஷோபான் என்றால் சொந்த ஊர். முடிவுக்கு அருகில் சோப்ரானோ குரல் வருகிறது. பாட வார்த்தை இல்லை, வெறும் அகாரம். 55 நிமிடம் காத்திருந்தவருக்கு அந்தக் குரல் என்ன செய்யும் என்பதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

இதன் முதல் பதிவை 2014-ல் வெளியிட்டது டோக்காட்டா கிளாசிக்ஸ். மறக்கப்பட்ட இசைக்கென்றே 2005-ல் லண்டனில் தொடங்கிய மிகச் சிறிய நிறுவனம். வாசித்தது ரஷ்யாவின் ஓம்ஸ்க் நகரைச் சேர்ந்த சைபீரிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, நடத்தியவர் டிமித்ரி வசீலியெவ். அதற்கு முன்பே ஒலிம்பியா என்ற சிறு நிறுவனம் 1990-களில் பழைய சோவியத் பதிவுகளைத் தட்டுகளாக வெளியிட்டிருந்தது. டனேல் குவார்ட்டெட் என்ற குழு வைன்பெர்க்கின் 17 குவார்ட்டெட்களையும் பதிவு செய்திருந்தது. 1968-ல் எழுதி மேடை காணாமல் கிடந்த அவர் ஆபரா (இசை நாடகம்) 2010-ல் ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் விழாவில் அரங்கேறியது. ஒவ்வொரு தடவையும் சில விமர்சகர்கள் விடாமல் எழுதினார்கள். ‘குட்டி ஷஸ்தகோவிச்’ என்று முதலில் ஒதுக்கியவர்களும், பத்து இருபது படைப்புகள் பலர் கையில் பல விதமாக ஒலித்த பிறகு, இவர் குரல் வேறு என்று ஒப்புக்கொண்டார்கள்.

2019-ல் அதே 21-ஆம் சிம்பொனியை டாய்ட்ச கிராமஃபோன் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. நடத்தியவர் லித்துவேனியாவைச் சேர்ந்த மிர்கா கிராசினீட்டே-டீலா. தனி வயலின் கிடோன் கிரேமர். கடைசியில் வரும் அந்தச் சோப்ரானோ குரலைப் பாடியதும் மிர்காவேதான். ஆர்கெஸ்ட்ரா பர்மிங்காம் நகர சிம்பொனி, கூடவே கிரேமரின் குழுவான கிரேமராட்டா பால்டிகா. 2020-ல் கிராமஃபோன் பத்திரிகை இதைத்தான் ஆண்டின் சிறந்த தட்டாகத் தேர்ந்தெடுத்தது. ஷார்வென்காவுக்கு 24 வருடம் கழித்து அதே ஆர்கெஸ்ட்ரா, அதே பரிசு. ஆனால் இந்த முறை நடுவர்களுக்கு ஓம்ஸ்க் பதிவு காதில் இருந்திருக்கும். வைன்பெர்க்குடையது எது, மிர்காவுடையது எது என்று ஓரளவாவது பிரித்துச் சொல்ல அவர்களால் முடிந்திருக்கும். அந்தப் பாராட்டை நான் கூடுதலாக நம்புவதற்குக் காரணம் அதுவே.

ஹைப்பீரியனை 2023-ல் யுனிவர்சல் என்ற பெரிய இசை நிறுவனம் வாங்கிவிட்டது. பல வருடம் ஸ்ட்ரீமிங் பக்கமே வராமல் இருந்த அதன் தட்டுகள் அதற்குப் பிறகு செல்போனில் கிடைக்கின்றன. ஷார்வென்காவும் ஹில்டகார்டும் அங்கே இருக்கிறார்கள். ஓம்ஸ்க் ஆர்கெஸ்ட்ராவின் ‘கதிஷ்’ பதிவும் கிடைக்கிறது. விருது வாங்கிய பதிவைக் கேட்டு முடித்தவர்கள், ஒருநாள் 55 நிமிடம் ஒதுக்கி அதையும் கேட்டுப் பாருங்கள். அந்த இசையை முதலில் பதிவு செய்தவர்கள் அவர்கள்.